ஸ்டார்-டெல்டா மாறும் நொடியில் ஃப்யூஸ் போகிறது: சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் தீருமா?

பிப்ரவரி 11, இரவு 8.15 | கேள்வி

எங்கள் தோட்டத்தில் 920 அடி ஆழ்துளைக் கிணறு. 15 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார், ஆறு வயர், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (முதலில் 'ஸ்டார்' இணைப்பில் குறைந்த வோல்டேஜ், சில நொடியில் 'டெல்டா' இணைப்பில் முழு வோல்டேஜ்). பகலில் தகராறு இல்லாமல் ஓடுகிறது. மாலையில் மும்முனை மின்சாரம் வந்ததும் பொத்தானை அழுத்தினால் ஒரே உறுமல், தண்ணீர் வருவதில்லை, டெல்டாவுக்கு மாறும் நொடியில் ஃப்யூஸ் போய்விடுகிறது. பேனல் மீட்டரில் சுமார் 330 வோல்ட்தான் காட்டுகிறது. கடையில் கேட்டால், வோல்டேஜை மெல்ல மெல்ல ஏற்றித் தொடங்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் எல்லாம் தீரும் என்கிறார்கள். விலை மலைக்க வைக்கிறது. போடலாமா?

பிப்ரவரி 11, இரவு 9.40

வாங்காதீர்கள். குறைந்தபட்சம் இந்த வாரம் வாங்காதீர்கள்.

மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 வோல்ட்டுக்குக் கட்டிய மோட்டாருக்கு 330 வோல்ட் கொடுத்தால் வோல்டேஜ் 80 சதவீதம் இருக்கிறது, ஆனால் விசை 63 சதவீதம்தான். அதன்மேல் ஸ்டார் இணைப்பு, அதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது. மிஞ்சுவது 21 சதவீதம். உங்கள் ஊர் லைன் ஏற்கெனவே ஒரு 'குறைந்த வோல்டேஜ் ஸ்டார்ட்டர்' வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதன்மேல் இன்னொன்றையும் அடுக்கினால் மோட்டார் எதைக் கொண்டு எழும்?

மூன்று அளவுகள் எடுத்து எழுதுங்கள். மோட்டார் நிற்கும்போது மூன்று பேஸ்களுக்கும் இடையில் எத்தனை வோல்ட். ஸ்டாரில் இருக்கும்போது எத்தனை வோல்ட், டாங் டெஸ்டரில் (வயரைக் கவ்வி அளக்கும் மீட்டர்) எத்தனை ஆம்பியர். கிணற்றுக்குள் இறங்கும் கேபிள் எத்தனை சதுர மில்லிமீட்டர். அதுவரை, ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றும் டைமரை 12 நொடிக்குக் கூட்டிப் பாருங்கள். ஸ்டாரிலேயே வேகம் பிடிக்க அவகாசம் கிடைக்கும்.

பிப்ரவரி 12, காலை 6.10

நேற்று இரவு எழுதியதில் கடைசி வரியை எடுத்துக்கொள்ளாதீர்கள். டைமரைக் கூட்டியிருந்தால் உடனே குறையுங்கள். தூங்கப் போன பிறகுதான் உறைத்தது.

எனக்குக் கை பழகியது நூற்பாலையில். அங்கே பெரிய ஃபேனும் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரமும் கனமானவை, மெதுவாகத்தான் சுழலத் தொடங்கும். 12 நொடி, 15 நொடி என்பதெல்லாம் அங்கே சாதாரணம். சப்மெர்சிபிள் அப்படியல்ல. குழாய்க்குள் இறங்க வேண்டும் என்பதால் அதன் ரோட்டார் (சுழலும் பகுதி) ஒல்லியாக, நீளமாக இருக்கும். நல்ல வோல்டேஜ் இருந்தால் ஓரிரு நொடியில் முழு வேகத்தைத் தொட்டுவிடும். அடியில் பம்ப்பின் பாரம் முழுவதையும் தாங்குகிற த்ரஸ்ட் பேரிங், தன் தட்டுகளுக்கு நடுவே உண்டாகும் மெல்லிய நீர்ப்படலத்தின் மேல்தான் சுழல வேண்டும். வேகம் இல்லையென்றால் படலம் இல்லை. தட்டோடு தட்டு உரசும். 12 நொடி தவழவிட்டால் ஒவ்வொரு மாலையும் பேரிங்கைச் சாணை பிடித்த மாதிரி ஆகும். சப்மெர்சிபிளுக்கு ஸ்டார் நேரம் 3 நொடிக்கு மேல் வேண்டாம். அதற்குள் எழாத மோட்டார் 12 நொடியிலும் எழாது.

இன்னொன்று. நீங்கள் கேட்கும் உறுமல் மோட்டாருடையது அல்ல. 920 அடிக்குக் கீழே, தண்ணீருக்குள் இருக்கும் மோட்டாரின் சத்தம் மேலே கேட்காது. உறுமுவது பேனலுக்குள் இருக்கும் கான்டாக்டர், அதாவது காந்தத்தால் மூடித் திறக்கும் சுவிட்ச். அதன் காயில் (கம்பிச் சுற்று) 415 வோல்ட்டுக்குக் கட்டியது. 85 சதவீதம், அதாவது 353 வோல்ட் வரை உறுதியாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அதன் தரக் கணக்கு. 330-இல் அது பாதிப் பிடியில் அதிர்ந்துகொண்டிருக்கிறது. மூடியைத் திறந்து (மெயினை அணைத்த பிறகு) கான்டாக்ட் முனைகளைப் பாருங்கள். கருகிக் குழி விழுந்திருந்தால் மூன்று பேஸும் ஒரே நேரத்தில் மோட்டாருக்குப் போகின்றனவா என்பதே சந்தேகம்.

பிப்ரவரி 12, மாலை 7.30

சாஃப்ட் ஸ்டார்ட்டர் நவீனமானது, ஸ்டார்-டெல்டா பழசு, அப்படியிருக்க நவீனம் எப்படித் தோற்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கணக்கை உங்கள் மோட்டாரிலேயே போடுகிறேன்.

15 எச்.பி. சப்மெர்சிபிள் முழுச் சுமையில் ஏறக்குறைய 26 ஆம்பியர் இழுக்கும். நேரடியாக லைனில் போட்டால் அதைப் போல ஆறு மடங்கு, சுமார் 156 ஆம்பியர். இனி ஒவ்வொரு முறையிலும் லைனிலிருந்து எவ்வளவு வாங்கி, எவ்வளவு விசையாகத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று பாருங்கள்.

ஸ்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் 58 சதவீத வோல்டேஜ்தான் கிடைக்கிறது. லைன் கரண்ட் மூன்றில் ஒரு பங்கு, 52 ஆம்பியர். விசையும் மூன்றில் ஒரு பங்கு. சாஃப்ட் ஸ்டார்ட்டரில் தைரிஸ்டர்கள் என்ற மின்னணு சுவிட்சுகள் அலையின் ஒரு பகுதியை வெட்டிவிடுகின்றன, வோல்டேஜ் குறைகிறது, ஆனால் மோட்டார் இழுக்கும் கரண்ட் அப்படியே லைனிலும் ஓடுகிறது. இடையில் எந்த மாற்றமும் இல்லை. அதே 52 ஆம்பியருக்குள் அடக்கி வைத்தால் மோட்டாருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ்; விசை ஒன்பதில் ஒரு பங்கு. ஸ்டார் கொடுக்கிற அதே விசையைச் சாஃப்ட் ஸ்டார்ட்டரிலிருந்து வாங்க லைனில் 90 ஆம்பியர் வேண்டும்.

பலவீனமான லைனில் விலைமதிப்பானது அந்த ஆம்பியர்தான். ஆகவே ஸ்டார்ட்டர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, லைனிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு ஆம்பியருக்கும் எவ்வளவு முறுக்குவிசை கிடைக்கும் என்பது. கரண்ட்டை எவ்வளவு குறைக்கும் என்று மட்டும் கேட்டால் பாதிக் கதையோடு வீட்டுக்கு வருவீர்கள். நானும் பல ஆண்டுகள் அந்தப் பாதிக் கதையோடுதான் பேனல் கட்டினேன்.

பிப்ரவரி 14

டெல்டாவுக்கு மாறும்போது ஃப்யூஸ் ஏன் போகிறது என்பதை இன்னும் சொல்லவில்லை.

பம்ப் கேட்கும் விசை வேகத்தின் வர்க்கம்போல் ஏறும். பாதி வேகத்தில் கால் பங்கு, 70 சதவீத வேகத்தில் ஏறக்குறைய பாதி, 90 சதவீதத்தில் 81 சதவீதம். மோட்டாரின் உச்ச விசை முழுச்சுமை விசையைப் போல் இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்வோம். நல்ல வோல்டேஜில் ஸ்டாரில் அதில் மூன்றில் ஒரு பங்கு, 83 சதவீதம். பம்ப்பை 85, 90 சதவீத வேகம் வரை இழுத்துப் போய்விடும். அங்கிருந்து டெல்டாவுக்கு மாறினால் கரண்ட் கொஞ்சம் குதிக்கும், அவ்வளவுதான்.

330 வோல்ட்டில் அந்த 83 என்பது 52 ஆகிவிடுகிறது. 70 சதவீத வேகத்தைத் தாண்ட மோட்டாருக்குத் தெம்பு இல்லை. அந்த வேகத்தில் டெல்டாவில் போட்டால், நின்றிருந்த மோட்டாரை நேரடியாகப் போட்டதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. கரண்ட்டைக் குறைக்க வைத்த ஸ்டார்ட்டர் சில நொடிகள் காக்கவைத்துவிட்டு, கடைசியில் முழு அடியையும் லைனில் போடுகிறது.

பிப்ரவரி 15, இரவு

பேனல் கட்டுபவர் ஒருவர், இந்தக் காலத்து டைமர்கள் துல்லியமானவை, குறை சொல்லக் கூடாது என்று எழுதியிருக்கிறார். டைமரைக் குறை சொல்லவில்லை. அதற்குக் காது இல்லை என்பது மட்டும்தான் என் வருத்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆலையில் கைப்பிடி வைத்த ஆயில் ஸ்டார்ட்டர்கள் இருந்தன. இரும்புத் தொட்டி, அதற்குள் எண்ணெய், எண்ணெயில் மூழ்கிய கான்டாக்டுகள், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் ஸ்டார். அங்கே பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். பிறகு ஒரே வீச்சில் மறுபக்கம் இழுத்தால் டெல்டா. எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் கைப்பிடியில் ஒரு கை, மோட்டார் உடலில் இன்னொரு கை வைத்து நிற்பார். முதலில் கனமான முனகல், பிறகு சுருதி ஏறும், ஏறிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் ஏறுவதை நிறுத்தும். "ஏறுவது நின்ற பிறகு இழு. அதற்கு முன்னால் இழுத்தால் ஃப்யூஸ் போகும், ரொம்பப் பிந்தினால் காயில் வேகும்" என்பார். கார்டிங் இயந்திரத்துக்கு ஒரு நேரம், ஃபேனுக்கு ஒரு நேரம், வோல்டேஜ் விழுந்த நாளில் வேறு நேரம். எதையும் நொடிக் கணக்கில் அவர் சொன்னதில்லை.

இன்றைய டைமரை வைக்கும்போதும் அதையே செய்கிறேன். ஒருவர் டாங் டெஸ்டரைப் பார்க்க வேண்டும். ஸ்டார் கரண்ட் இறங்கி நிலைப்பது எத்தனையாவது நொடியில் என்று பார்த்து, அதற்குச் சற்றுப் பின்னால் டைமரை நிறுத்த வேண்டும். கரண்ட் இறங்கவே இல்லையென்றால் மோட்டார் எழவில்லை என்று பொருள். அப்போது டைமரைத் திருகுவதில் பயனில்லை.

பிப்ரவரி 18

பாலிடெக்னிக்கில் கற்பிக்கும் ஒருவர் கேட்டது: டெல்டா இணைப்பை எப்படி முடிச்சுப் போட்டாலும் மோட்டார் ஒரே திசையில்தானே சுழலும், அதில் சரி தவறு உண்டா?

உண்டு. இதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றேன். ஆலையில் காற்றுப் பதன நிலையத்து ஃபேன், 40 எச்.பி. வாரத்தில் இரண்டு முறை, டெல்டாவுக்கு மாறும் நொடியில் பிரேக்கர் விழும். மற்ற நாள்களில் ஒன்றும் ஆகாது. பிரேக்கரை மாற்றினோம், கான்டாக்டரை மாற்றினோம், மோட்டாரையே கழற்றிச் சோதித்தோம். எல்லாம் நலம்.

ஸ்டாரைத் திறந்து டெல்டாவை மூடுவதற்குள் ஒரு கணம் மோட்டாருக்கு மின்சாரம் இல்லை. ஆனால் ரோட்டாரில் காந்தம் இன்னும் சாகவில்லை. சுழன்றுகொண்டே ஸ்டேட்டரில் (சுழலாத வெளிப்பகுதி) தன் வோல்டேஜை உண்டாக்குகிறது. ரோட்டார் வேகம் குறைவதால் அந்த வோல்டேஜ் லைனுக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்குகிறது. டெல்டா மூடும்போது லைன் ஒரு கோணத்தில், மோட்டாரின் மிச்ச வோல்டேஜ் இன்னொரு கோணத்தில். இரண்டும் மோதினால் ஒரு கணத்துக்குக் கரண்ட் நேரடியாக ஸ்டார்ட் செய்ததைவிடவும் அதிகமாகக்கூடப் பாயும். மோதும் கோணம் ஒவ்வொரு தடவையும் மாறும். அதனால்தான் சில நாள் விழும், சில நாள் விழாது.

இப்போது முடிச்சுக்கு வருவோம். யு, வி, டபிள்யூ என்பவை மோட்டாரின் மூன்று காயில்கள்; 1 தொடக்க முனை, 2 முடிவு முனை. டெர்மினல் பெட்டியில் பட்டைகளை நேராகப் போட்டால் யு1-டபிள்யூ2, வி1-யு2, டபிள்யூ1-வி2 என்று சேரும். அதைப் பார்த்தே பெரும்பாலோர் பேனலையும் கட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் டெல்டாவில் காயிலுக்குக் கிடைக்கும் வோல்டேஜ், ஸ்டாரில் கிடைத்ததைவிட 30 டிகிரி முன்னால் போய் நிற்கும். மோட்டாரின் மிச்ச வோல்டேஜ் பின்னால் போகிறது, லைன் முன்னால் போகிறது, இடைவெளி கூடுகிறது. மாற்றிக் கட்டுங்கள்: ஆர் பேஸ் யு1-க்கும் வி2-க்கும், ஒய் பேஸ் வி1-க்கும் டபிள்யூ2-க்கும், பி பேஸ் டபிள்யூ1-க்கும் யு2-க்கும். சுழலும் திசை அதேதான். காயில் வோல்டேஜ் இப்போது 30 டிகிரி பின்னால் வரும், மிச்ச வோல்டேஜ் போகிற பக்கமே வருகிறது, மோதல் குறைகிறது.

அந்த ஃபேனில் மூன்று வயர்களை இடம் மாற்றினோம். நான் அங்கிருந்த காலம் வரை பிரேக்கர் அந்த நொடியில் மறுபடி விழவில்லை.

பிப்ரவரி 18, பின்னிரவு

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் யாராவது சிக்கிக்கொள்வார்கள். சுழலும் திசை தவறாக இருந்தால் பலர் ஸ்டார்ட்டருக்கு முன்னாலேயே இரண்டு பேஸ்களை மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நல்ல முடிச்சு கெட்ட முடிச்சாகிவிடும். பேஸ் வரிசை ஆர்-ஒய்-பி என்றே இருக்கட்டும். வி, டபிள்யூ ஆகிய இரண்டு காயில்களின் தொடக்க முனைகளையும் முடிவு முனைகளையும் சேர்த்து ஒன்றுக்கொன்று மாற்றுங்கள்.

பிப்ரவரி 21 | கேள்வி கேட்டவர்

அளந்துவிட்டேன். மாலை 7 மணிக்கு மோட்டார் நிற்கும்போது 338 வோல்ட். ஸ்டாரில் 318 வோல்ட், 28 ஆம்பியர். மூன்று நொடியிலும் கரண்ட் இறங்கவில்லை. கேபிள் 4 சதுர மில்லிமீட்டர், இரண்டு ஃபிளாட் கேபிள். கான்டாக்ட் முனைகள் கருகியிருந்தன, மாற்றிவிட்டேன். இப்போதும் ஃப்யூஸ் போகிறது.

பிப்ரவரி 21, இரவு 10.30

28 ஆம்பியர் என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 318 வோல்ட்டில் ஸ்டாரில் நின்றுகொண்டிருக்கும் மோட்டார் 40 ஆம்பியர் இழுக்க வேண்டும். மீதி 12 எங்கே போயிற்று?

கேபிளில். ஸ்டார் முனை எங்கே கட்டப்படுகிறது என்று யோசியுங்கள். மேலே, பேனலுக்குள். மின்சாரம் ஒரு கேபிளில் 920 அடி கீழே இறங்கி, காயிலைச் சுற்றி, இன்னொரு கேபிளில் 920 அடி மேலே ஏறி வந்துதான் ஸ்டார் முனையைத் தொடுகிறது. 280 மீட்டர் போக, 280 மீட்டர் வர. 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 ஓம். ஒவ்வொரு காயிலோடும் தொடரில் 2.8 ஓம் சேர்கிறது. நிற்கும் நிலையில் உங்கள் மோட்டார் காயிலின் மொத்த மின்மறிப்பே சுமார் 4.6 ஓம்தான்.

கணக்கைத் தாளில் போட்டேன். மோட்டாரின் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்ட்டில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) தொடக்கத்தில் 0.5 என்று வைத்தால், லைனில் இருக்கும் வோல்டேஜில் 71 சதவீதம்தான் கீழே போய்ச் சேருகிறது. விசையில் பாதி கேபிளிலேயே சூடாகக் கரைந்துவிடுகிறது. லைன் வோல்டேஜ் குறைவு, ஸ்டார், கேபிள் மூன்றும் சேர்ந்து, முழு வோல்டேஜில் இந்த மோட்டார் கொடுக்க வேண்டிய தொடக்க விசையில் பத்தில் ஒரு பங்குதான் தண்டுக்குக் கிடைக்கிறது. இதே கணக்கில் ஸ்டார் கரண்ட் 28.4 ஆம்பியர் வருகிறது. நீங்கள் அளந்தது 28. கணக்கும் டாங் டெஸ்டரும் இப்படி ஒத்துப்போகிற நாள் அரிதாகத்தான் வாய்க்கும்.

நீங்கள் கிணற்றுக்குள் ஒரு ரெசிஸ்டன்ஸ் ஸ்டார்ட்டரை இறக்கி வைத்திருக்கிறீர்கள், அதைக் கழற்றவே முடியாது. ஓடும்போதும் அது ஒவ்வொரு காயிலிலிருந்தும் ஏறக்குறைய 34 வோல்ட்டைத் தின்கிறது. 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் அது 13 ஆகக் குறையும். தொடக்க விசை இப்போது இருப்பதைப் போல ஒன்றரை மடங்காகும். சாஃப்ட் ஸ்டார்ட்டருக்கு எடுத்து வைத்த பணத்தைக் கேபிளில் போடுங்கள். மோட்டாரை மேலே எடுத்து மறுபடி இறக்கும் கூலியும் உண்டு என்று தெரியும். அடுத்த முறை எதற்காகவாவது மோட்டாரை மேலே எடுக்கும்போது செய்தாலும் போதும். அதுவரை மாலையில் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பிப்ரவரி 22

ஓவர்லோடு ரிலேயை (கரண்ட் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்துவது) எந்த எண்ணில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். ஸ்டார்-டெல்டா பேனலில் ரிலே பெரும்பாலும் மெயின் கான்டாக்டருக்குக் கீழே, காயிலுக்குப் போகும் மூன்று வயர்களில் இருக்கும். அங்கே ஓடுவது காயில் கரண்ட், லைன் கரண்ட் அல்ல. மோட்டாரின் விவரப் பட்டையில் 26 ஆம்பியர் என்று போட்டிருந்தால் ரிலே 15-இல் இருக்க வேண்டும். 26-இல் வைத்தால் லைனில் 45 ஆம்பியர் ஓடும்வரை அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். நான் பார்த்த எரிந்துபோன மோட்டார்களில் எத்தனையோ பேனல்களில் ரிலே பட்டையில் உள்ள எண்ணிலேயே இருந்தது. ரீவைண்டிங் கடைக்காரர் காயிலை மாற்றிக் கொடுப்பார்; யாரும் ரிலேயைத் தொடமாட்டார்கள்; அடுத்த கோடையில் அதே மோட்டார் அதே கடைக்கு வரும்.

கபாசிட்டர் வைத்திருந்தால் அதை மோட்டார் முனைகளில் நேராகக் கட்டாதீர்கள். ஸ்டார் திறந்து டெல்டா மூடுவதற்கு இடையில் அது மோட்டாரை உயிரோடு வைத்துக்கொள்ளும். மேலே சொன்ன மோதல் இன்னும் கடுமையாகும். டெல்டா பிடித்த பிறகு சேரும்படி தனிக் கான்டாக்டர் வையுங்கள்.

பிப்ரவரி 27

இன்னொருவர் கேட்கிறார்: 20 எச்.பி. சப்மெர்சிபிள், மூன்று வயர்தான் மேலே வருகிறது, ஸ்டார்-டெல்டா வழியே இல்லை, என்ன செய்வது?

ஆட்டோ டிரான்ஸ்பார்மர் ஸ்டார்ட்டர். எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு. 50, 65, 80 சதவீதம் என்று டேப்புகள் (சுற்றின் இடையிலிருந்து எடுத்த முனைகள்) இருக்கும். 65-இல் போட்டால் மோட்டாருக்கு 65 சதவீத வோல்டேஜ், விசை 42 சதவீதம், லைனிலிருந்து எடுக்கும் கரண்ட்டும் அதே 42 சதவீதம். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைக் குறைத்துக் கரண்ட்டைப் பெருக்கிக் கொடுப்பதால், ஆம்பியருக்குக் கிடைக்கும் விசையில் ஸ்டாருக்கு இது எள்ளளவும் குறைந்ததல்ல. ஸ்டாரில் 33 என்றால் 33-தான், வேறு பேச்சில்லை. இங்கே 33 போதவில்லையென்றால் 42-க்கோ 64-க்கோ போகலாம்.

மாறும்போது மின்சாரம் அறுந்துபோகாத இணைப்பும் இதில் உண்டு. டிரான்ஸ்பார்மரின் ஸ்டார் முனையை முதலில் திறந்தால், மிச்சமுள்ள சுற்று தொடர் ரியாக்டராக (கரண்ட்டை மட்டுப்படுத்தும் சுருளாக) மோட்டாரோடு இருக்கும். பிறகு அதையும் ஷார்ட் செய்து முழு லைன் கொடுப்பார்கள். இதற்குக் கார்ன்டார்ஃபர் இணைப்பு என்று பெயர். பெர்லினைச் சேர்ந்த மாக்ஸ் கார்ன்டார்ஃபர் 1908-இல் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1914-இல் பெற்றார். நாம் இங்கே பேசும் இந்த வகை மோட்டாரை, அதாவது மும்முனைக் கூண்டு ரோட்டார் மோட்டாரை, பொறியாளர் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி உருவாக்கியது 1889-இல். அதற்கு இருபது ஆண்டுகளுக்குள்ளேயே, அறுந்து மாறுவதன் கேடு தெரிந்து இந்த வழியைக் கண்டுவிட்டார்கள். நம் பேனல் கடைகளில் இன்றும் திறந்து மூடும் ஸ்டார்-டெல்டாதான் வழக்கம். மலிவு, பெரும்பாலும் போதும், ஆனால் அது ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஆட்டோ டிரான்ஸ்பார்மர் சில நொடி வேலைக்குக் கட்டியது. மணிக்கு இத்தனை ஸ்டார்ட் என்று அதன் பட்டையில் இருக்கும். ஒரு தோட்டத்தில் கிணற்றில் தண்ணீர் ஊறுவது குறைந்துபோய், அரை மணி நேரத்தில் ஏழு முறை ஸ்டார்ட் செய்தார்கள். நான் போனபோது பேனல் அறை முழுவதும் கருகிய வார்னிஷ் வாசனை. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 5

சாஃப்ட் ஸ்டார்ட்டரை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட்டதாக இருவர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். திரும்பப் படித்தேன்; அவர்கள் சொல்வது சரி. பிப்ரவரி 12-இல் எழுதியது பலவீனமான லைனுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆற்றிலிருந்து மேட்டுக்கு நீரேற்றும் குழாய் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் குழாயில் ஏறிக்கொண்டிருந்த நீர் திரும்பி வந்து வால்வை அறையும். சுத்தியலால் அடித்த மாதிரி சத்தம். வளைவுகளில் இணைப்புகள் விட்டுப்போகும். மாதத்துக்கு ஒரு முறை தோண்டி ஒட்டுவோம். சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்து, நிறுத்துவதற்கு 15 நொடி இறக்கம் கொடுத்த பிறகு அந்த அறைதல் நின்றது. ஸ்டார்-டெல்டாவும் ஆட்டோ டிரான்ஸ்பார்மரும் மோட்டாரைத் தொடங்கத்தான் உதவும். நிறுத்தும்போது சட்டென்று கைவிட்டுவிடும். லைன் தெம்பாக இருந்து, குழாயோ பெல்ட்டோ கியரோ அடிபடுவதுதான் கவலை என்றால், சாஃப்ட் ஸ்டார்ட்டருக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல.

லைனும் பலவீனம், சுமையும் கடினம் என்றால் வி.எஃப்.டி. (அலைவெண்ணை மாற்றி மோட்டாரை ஓட்டும் கருவி) ஒன்றுதான். வோல்டேஜோடு அலைவெண்ணையும் சேர்த்துக் குறைப்பதால், முழுச்சுமைக் கரண்ட்டுக்குள்ளேயே முழுச்சுமை விசையைக் கொடுக்கும். ஆழ்துளைக் கிணற்றில் வைத்தால் நீண்ட கேபிளுக்கு ஏற்ற ஃபில்டரும் சேர்த்துப் போட வேண்டும், இல்லையென்றால் கேபிளின் கடைசியில் கணநேரம் எகிறும் வோல்டேஜ்கள் காயிலின் இன்சுலேஷனைத் தின்றுவிடும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

ஏப்ரல் 9 | கேள்வி கேட்டவர்

பங்குனியில் பம்ப்பில் மணல் ஏறி மோட்டாரை மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அதோடு 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டுவிட்டேன். ரிலே 24-இல் இருந்தது, 15-க்குக் கொண்டுவந்தேன். ஸ்டார் 3 நொடி. மாலையில் 335 வோல்ட் இருந்தால் எழுந்துவிடுகிறது, ஃப்யூஸ் போகவில்லை. 320-க்குக் கீழே போனால் இன்னும் தகராறுதான்.

ஏப்ரல் 9, இரவு 9.05

335-இல் எழுகிறது என்பதே பெரிய செய்தி. 320-க்குக் கீழே எந்த ஸ்டார்ட்டரும் வேண்டாம்; குறைந்த வோல்டேஜ் ரிலே ஒன்றைப் பேனலில் சேர்த்து 325-க்குக் கீழே ஸ்டார்ட் ஆகாதபடி வைத்துவிடுங்கள். விலை சொற்பம். கான்டாக்டர் அதிர்வதும் அதோடு குறையும்.

மிச்சம் இருப்பது கம்பத்தில் இருக்கும் டிரான்ஸ்பார்மர். பக்கத்துத் தோட்டங்களில் அதே நேரத்தில் எத்தனை மோட்டார் எழுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்: நேரம், எத்தனை எச்.பி., உங்கள் பேனலில் அப்போது எத்தனை வோல்ட். மின்வாரிய அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது அந்தத் தாளையும் இணையுங்கள். முதல் அரை மணி நேரத்தை உங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள முடியுமா என்றும் பேசிப் பாருங்கள். ஒருவர் எழுந்து ஐந்து நிமிடம் கழித்து அடுத்தவர். குறித்த எண்களை இங்கேயும் போடுங்கள், மூன்று பேஸும் தனித்தனியாக.